கன்சர்வேட்டிவ் வேட்பாளரின் கொள்கைகளைப் படிப்பது எப்படி: மூன்று பேனா, ஒரு பென்சில்

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் பதிவுப் படிவமும் கிடைத்துவிடுகிறது. அதை நிரப்பப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு வருவதுதான் கடினம். ஓஹாயோவில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில், புதிதாகக் குடியுரிமை பெற்ற தமிழர் சிலரோடு மாதம் ஒரு சனிக்கிழமை உட்காருகிறேன். சென்ற மாதம் ஒரு பெண் கேட்டார்: “அக்கா, இவர் பேசுவது புரிகிறது. இவர் சொல்வது நடக்குமா, நடக்காதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?” அவர் வீட்டில் கணவருக்கு வேட்பாளரின் வரிக் கொள்கை பிடித்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கருக்கலைப்பு பற்றி அவர் சொல்வது பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு கன்சர்வேட்டிவ் வேட்பாளரின் கொள்கைப் பட்டியலை வரிவரியாகப் படித்து, எந்த வரிக்கு எவ்வளவு எடை என்று நீங்களே நிறுத்துப் பார்க்க முடியும். ஒரு கோடு போட்ட நோட்டு, நீலம், பச்சை, சிவப்பு என மூன்று பேனா, ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல்

‘கன்சர்வேட்டிவ்’ என்பதை நாம் ‘பழமைவாதி’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். உடனே மனதில் வருவது பழைய வழக்கங்களை விடாத ஒரு பெரியவர். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். அமெரிக்க அரசியலில் அந்தச் சொல் ஒரு முக்காலி. ஒரு கால் பணம்: வரியைக் குறைப்பது, மத்திய அரசைச் சுருக்குவது. இரண்டாவது கால் சமூகம்: கருக்கலைப்பு, மதம், குடும்பம். மூன்றாவது ராணுவமும் வெளியுறவும். எல்லா வேட்பாளரும் மூன்று காலிலும் ஒரே அளவு பாரம் வைப்பதில்லை.

1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி நிறுத்திய பாரி கோல்ட்வாட்டர் முதல் காலிலும் மூன்றாம் காலிலும் நின்றவர். மத்திய அரசின் அதிகாரத்தைக் காரணம் காட்டி இனப் பாகுபாட்டைத் தடைசெய்த அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராகச் செனட்டில் வாக்களித்தார். ஆறு மாநிலங்களில் மட்டுமே வென்றார். பிற்காலத்தில் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார். 1980இல் அதே கட்சியின் ரொனால்ட் ரீகன் மூன்று கால்களையும் சேர்த்துப் பூட்டி 44 மாநிலங்களை வென்றார். அதே ரீகன் 1979 நவம்பரில் போட்டியை அறிவித்த உரையில் கனடா, மெக்சிகோ நாடுகளோடு நெருக்கமான ஒப்பந்தம் வேண்டும் என்றார். 2016க்குப் பிறகு அதே கட்சியின் டொனால்ட் டிரம்ப் அதே நாடுகளின் மேல் இறக்குமதி வரி விதிப்பதைக் கொள்கையாக முன்வைத்தார். பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் முக்காலியை வரைந்து, உங்கள் வேட்பாளர் எந்தக் காலைப் பற்றி அதிகம் பேசுகிறார் என்று குறியுங்கள்.

எதைப் படிப்பது

தொலைக்காட்சித் துண்டுகளை விட்டுவிடுங்கள். மூன்று ஆவணங்கள் போதும்: கட்சி மாநாட்டில் வேட்புமனுவை ஏற்று அவர் ஆற்றிய உரை, கட்சியின் கொள்கை அறிக்கை, இதற்கு முன் அவர் வகித்த பதவியில் போட்ட கையெழுத்துகள் அல்லது வாக்குகள். 1840 முதலான கட்சி அறிக்கைகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் தொகுத்து இலவசமாக வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நமக்குத் ‘தேர்தல் அறிக்கை’ பழக்கமான சொல். அங்கே பெரும்பான்மை பெற்ற கட்சிதான் ஆட்சி அமைக்கும். அறிக்கையில் சொன்னதைச் செய்யவில்லை என்றால் மேடைதோறும் கேட்பார்கள். இங்கே கட்சி அறிக்கை வேட்பாளரைக் கட்டுப்படுத்தாது. அதைவிட முக்கியம், அதிபராக வென்றவரின் கட்சிக்கு, இங்கே ‘காங்கிரஸ்’ எனப்படும் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரீகன் ஆண்ட எட்டு ஆண்டும் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம்தான் இருந்தது. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

பழைய கையெழுத்துகளை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ரீகன் கலிபோர்னியா ஆளுநராக இருந்த முதல் ஆண்டான 1967இல் மாநில வரிகளைக் கணிசமாக உயர்த்தினார். கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்தும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். 1980இல் வரிக்குறைப்பு வேட்பாளராகவும் கருக்கலைப்பு எதிர்ப்பு வேட்பாளராகவும் வந்தார். மனம் மாறுவது குற்றமில்லை. ஆனால் எதில் மாறினார், எப்போது மாறினார் என்பது நோட்டில் இருக்க வேண்டும்.

பேனாவை எடுங்கள்

இனி ஒவ்வொரு வாக்குறுதியையும் ஒரு வரியில் எழுதி, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது யாருடைய கையெழுத்தில் நடக்கும்?

அதிபர் தனியாகச் செய்யக்கூடியது என்றால் நீலம். சட்டம் வேண்டும், அதாவது காங்கிரஸின் செனட், பிரதிநிதிகள் சபை இரண்டும் நிறைவேற்ற வேண்டும் என்றால் பச்சை. அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றால் சிவப்பு. அதிபர் தொடங்கிவைக்க மட்டுமே முடியும், நீதிபதிகளோ மாநிலங்களோ பின்னாளில் முடித்துவைப்பார்கள் என்றால் பென்சில்.

முதல் தடவையே இப்போதைய வேட்பாளரை எடுக்காதீர்கள். நெஞ்சு படபடக்கும்போது கணக்குத் தவறும். முடிவு தெரிந்த பழைய தேர்தலில் பழகுங்கள். நாங்கள் 1980ஐ எடுத்துக்கொள்கிறோம்.

நீல வரிகளைப் பாருங்கள். சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்கக் கூடாது என்று அப்போதைய அதிபர் கார்ட்டர் 1980 ஜனவரியில் விதித்த தடையை நீக்குவேன் என்றார் ரீகன். 1981 ஏப்ரல் 24 அன்று நீக்கினார். எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை எடுப்பேன் என்றார்; அதைப் படிப்படியாகத் தளர்த்தும் வேலையைக் கார்ட்டரே தொடங்கியிருந்தார், மிச்சத்தைப் பதவியேற்ற எட்டாம் நாள் ரீகன் ஒரே உத்தரவில் முடித்தார். மத்திய அரசு வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதைப் பதவியேற்ற அன்றே நிறுத்தினார். நீலத்தில் விழும் வரிகள் பொதுவாக நடந்துவிடும். ஆகவே அவை சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் முதலில் படியுங்கள். அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் அவற்றைத் திருப்பிவிட முடியும் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பச்சையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ரீகனின் பெரிய வாக்குறுதி, தனிநபர் வருமான வரி விகிதங்களை ஆண்டுக்குப் பத்து சதவீதமாக மூன்று ஆண்டில் 30 சதவீதம் குறைப்பது. காங்கிரஸ் வழியாக அது வெளியே வந்தபோது முதல் ஆண்டு 5, பிறகு 10, பிறகு 10, ஆக 25 சதவீதம். உச்ச விகிதம் 70இலிருந்து 50 ஆனது. 1981 ஆகஸ்ட் 13 அன்று கலிபோர்னியாவில் தன் பண்ணை வீட்டு வாசலில், மூடுபனிக்கு நடுவே அதில் கையெழுத்திட்டார். மறு ஆண்டே, பற்றாக்குறையைப் பார்த்து, வேறு வரிகளை உயர்த்தும் சட்டத்திலும் அவர் கையெழுத்து விழுந்தது. பச்சை வரி நடந்தாலும் சொன்ன அளவில், சொன்ன வடிவில் நடப்பது அபூர்வம்.

பச்சை வரிகளை ஒன்றோடொன்று கூட்டிப் பார்ப்பதும் அவசியம். வரியைக் குறைப்பேன், ராணுவச் செலவைக் கூட்டுவேன், சில ஆண்டில் வரவையும் செலவையும் சமமாக்குவேன் என்று மூன்றையும் ரீகன் ஒன்றாகச் சொன்னார். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் அவரை எதிர்த்த ஜார்ஜ் புஷ் அதை மாந்திரீகப் பொருளாதாரம் என்றார். சில மாதத்தில் அவரே துணை அதிபர் வேட்பாளராக ரீகன் பக்கத்தில் நின்றார். முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை. எட்டு ஆண்டில் தேசியக் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. நம் வீட்டு வரவுசெலவில் செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறோம்: வரவு குறைகிறது, செலவு கூடுகிறது, மிச்சமும் வரும் என்று ஒருவர் சொன்னால், எந்தச் செலவை வெட்டப் போகிறார் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லை என்றால் காலியிடம் விட்டு, அதை ஒரு கட்டம் போட்டு வையுங்கள். மருத்துவக் காப்பீடும் முதியோர் ஓய்வூதியமும் பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். 1983இல் ஓய்வு வயதை 65இலிருந்து படிப்படியாக 67 ஆக்கிய சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்டார். இன்று என் வயதுக்காரர்கள் எல்லோரையும் தொடுவது அந்தக் கையெழுத்து.

கல்வித் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த துறை. ஒரு வயதுகூட ஆகாத அந்தத் துறையை மூடுவேன் என்று ரீகன் சொன்னார். மூட இன்னொரு சட்டம் வேண்டும், காங்கிரஸின் ஆதரவு கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அதே துறையைக் கலைக்கும் வேலையைத் தொடங்கச் சொல்லி டொனால்ட் டிரம்ப் உத்தரவிட்டார். ஊழியரில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைக்கும் நடவடிக்கையும் அந்த மாதமே அறிவிக்கப்பட்டது. சட்டம் இல்லாமல் துறையை ஒழிக்க முடியாது, ஆனால் ஆளைக் குறைத்து வலுவிழக்கச் செய்ய முடியும். இப்படிப்பட்ட வரிகளுக்குப் பச்சைக் கோட்டுக்கு அடியில் ஒரு நீலக் கோடும் போடச் சொல்கிறேன். இது நானே தாமதமாகக் கற்றுக்கொண்டது. முன்பெல்லாம் பச்சை என்றால் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

பச்சை வரி ஒரு வாக்கில் கவிழ்வதும் உண்டு. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்துசெய்வோம் என்று குடியரசுக் கட்சியினர் 2010 முதல் தேர்தல்தோறும் சொல்லிவந்தார்கள். 2017இல் அதிபர் பதவி, இரண்டு சபை எல்லாம் கையில் இருந்தன. ஜூலை 28 விடியற்காலையில் அந்த ரத்து முயற்சி செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. எதிராகக் கை காட்டியவர்களில் மூவர் சொந்தக் கட்சிக்காரர்கள். 2008இல் அதே கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஜான் மெக்கெயின் அவர்களில் ஒருவர்.

சிவப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கருக்கலைப்பைத் தடுக்கும் திருத்தம், பள்ளியில் பிரார்த்தனையை அனுமதிக்கும் திருத்தம் இரண்டையும் ரீகன் ஆதரித்தார். திருத்தத்துக்கு இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதல். இரண்டும் நடக்கவில்லை. சிவப்பு வரி என்பது பெரும்பாலும் வேட்பாளர் தன் ஆதரவாளருக்குக் காட்டும் அடையாளம். துப்பாக்கி உரிமையை ‘இரண்டாம் திருத்தம்’ என்று சொல்வதைக் கேட்டுச் சிவப்பை எடுத்துவிடாதீர்கள். அந்தத் திருத்தம் 1791 முதல் இருக்கிறது. அங்கே போராட்டமெல்லாம் பச்சையிலும் பென்சிலிலும்தான்.

பென்சில் வரிகள்

1980 அக்டோபரில், உச்ச நீதிமன்றத்தில் முதலில் காலியாகும் இடங்களில் ஒன்றுக்கு ஒரு பெண்ணை நியமிப்பேன் என்று ரீகன் அறிவித்தார். 1981இல் சாண்ட்ரா டே ஓ’கானரை நியமித்தார். செனட் 99க்கு 0 என்று ஏற்றது. வாக்குறுதி நிறைவேறியது. ஆனால் 1992இல், கருக்கலைப்பு உரிமையின் அடிப்படையைக் காப்பாற்றிய தீர்ப்பை எழுதிய மூவரில் ஓ’கானர் ஒருவர். ரீகன் நியமித்த இன்னொருவரான ஆண்டனி கென்னடி மற்றொருவர். நியமித்தவர் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. பென்சில் கோட்டை யார் வேண்டுமானாலும் அழித்து எழுதலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பாடத்தைக் கன்சர்வேட்டிவ்கள் மறக்கவில்லை. 2016 மே 18 அன்று டிரம்ப், தான் பரிசீலிக்கப்போகும் 11 நீதிபதிகளின் பெயரை முன்கூட்டியே வெளியிட்டார். அந்தப் பட்டியலைச் சலிப்பூட்டும் பெயர்வரிசை என்று எண்ணித் தாண்டியவர்கள், அந்தத் தேர்தலின் மிக கனமான கொள்கை ஆவணத்தைத் தாண்டிவிட்டார்கள். முதல் பதவிக்காலத்தில் அவர் மூன்று பேரை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பு ரத்தானது. விஷயம் மாநிலங்களுக்குத் திரும்பியது. ஓஹாயோவில் 2023 நவம்பரில் நாங்கள் வாக்களித்து, ஏறக்குறைய 57 சதவீத ஆதரவோடு கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்த்தோம். பென்சில் வரிக்குப் பக்கத்தில் இரண்டு குறிப்பை எழுதுங்கள்: வேட்பாளர் எப்படிப்பட்ட நீதிபதிகளைப் புகழ்கிறார், உங்கள் மாநில அரசமைப்பு என்ன சொல்கிறது.

‘மாநில உரிமை’ என்ற சொல்லிடம் ஜாக்கிரதை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தமிழ்க் காது நம்மை ஏமாற்றும். மாநில உரிமை என்றால் நமக்கு நெஞ்சு நிமிரும். மொழி, நிதி, கல்வி ஆகியவற்றில் தில்லியிடம் மண்டியிடாத உரிமை என்றுதான் கேட்டு வளர்ந்தோம். அமெரிக்காவில் அதே சொல்லின் மேல் வேறொரு வரலாறு ஏறியிருக்கிறது. அடிமை முறையையும், பின்னர் கறுப்பினத்தவரைத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று ஒதுக்கிய சட்டங்களையும் தென்மாநிலங்கள் அந்தச் சொல்லை வைத்துத்தான் காத்துக்கொண்டன.

1980 ஆகஸ்ட் 3 அன்று மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டச் சந்தையில் பேசிய ரீகன், தான் மாநில உரிமைகளை நம்புவதாகச் சொன்னார். அங்கிருந்து சில மைல் தொலைவில்தான் 1964இல், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் பொருளாதாரத்தைப் பற்றியது, அதிகாரத்தை மக்களுக்கு அருகே கொண்டுபோவதுதான் அவர் நோக்கம் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் அது வெறும் நிர்வாகச் சொல்லாக ஒலித்திருக்காது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாம் தரப்புதான் சரியென்று படுகிறது. உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். எப்படியும் வாக்குறுதிக்கு எதிரே அது சொல்லப்பட்ட ஊரையும் தேதியையும் எழுதும் பழக்கத்தை விடாதீர்கள்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் வரி

எங்கள் அறையில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது குடியேற்றத்தில். நான் முதன்முதலாக வாக்களித்தபோது, குடியேற்ற முறையைச் சீர்திருத்துவேன் என்று ஒரு வேட்பாளர் சொன்ன ஒரே வாக்கியத்தை நம்பி வாக்களித்தேன். என் தம்பிக்காக அப்போது மனுப் போட்டிருந்தேன். குடிமக்களின் உடன்பிறந்தாருக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாதான் என்பதும், ஒரு நாட்டுக்கு ஏழு சதவீத வரம்பு என்பதும் காங்கிரஸ் எழுதிய சட்டம் என்பது எனக்குத் தெரியாது. அதிபர் விரும்பினாலும் அந்த எண்ணைத் தொட முடியாது. அது பச்சையிலும் கரும்பச்சை. சட்டம் வரவில்லை. தம்பி காத்திருந்து காத்திருந்து ஊரிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டான்.

அதே சமயம், குடியேற்றத்தில் நீல மையும் நிறைய உண்டு. 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்பதை ஒரே பிரகடனத்தில் டிரம்ப் விதித்தார். எல்லையை மூடுவது, அகதிகளின் ஆண்டு எண்ணிக்கை, யாரை முதலில் நாடுகடத்துவது எல்லாம் பெருமளவு நீலம். ‘திறமை அடிப்படையிலான சட்டபூர்வக் குடியேற்றத்தை ஆதரிக்கிறேன்’ என்பது பச்சை. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். இனிப்பான வரி பச்சையிலும் கசப்பான வரி நீலத்திலும் இருந்தால், எது முதலில் வந்து சேரும் என்பது நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

ரீகன் காலத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: 1986இல் இரு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டத்தில் அவர் கையெழுத்திட்டு, அனுமதியின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வ வாழ்வு பெற்றார்கள். கன்சர்வேட்டிவ் என்ற ஒரே சொல்லை வைத்து இதை ஊகித்திருக்கவே முடியாது.

சென்ற சனிக்கிழமை அந்தப் பெண் தன் நோட்டைக் கொண்டுவந்தார். மேசைச் சண்டைக்காரர்கள் இருவரும் கூட வந்திருந்தார்கள். தாங்கள் இதுவரை அடித்துக்கொண்ட வரிகளில் பாதிக்கு மேல் ஒரே நிறம் என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள்: ஐந்து நீலம், ஒரு சிவப்பு, நான்கு பென்சில், பதினான்கு பச்சை. அந்தப் பெண் நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டிவிட்டு, “அக்கா, நம் பகுதிக்குப் பிரதிநிதிகள் சபையில் நிற்பவர்கள் யார்?” என்று கேட்டார். மாதிரி வாக்குச்சீட்டை எடுத்து விரித்தோம். அதிபர் பெயருக்குக் கீழே, அதே தாளில், செனட்டுக்கும் சபைக்கும் பெயர்கள் இருந்தன. நோட்டில் அடுத்த பக்கத்தைத் திறந்தார்.